பரணில் இருந்து மேடைக்கு

கேள்வி: கல்யாண மேடையைப் பழைய பொருட்களால் அலங்கரிக்கலாம் என்கிறாள் மகள். சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ? – வாசகி, திருச்சி

பதில்: மகள் பக்கம் நில்லுங்கள் அம்மா! தெர்மாகோல் யானைக்கு ஆயுசு ஒரு நாள். பித்தளை அண்டா பேரன் கல்யாணத்துக்கும் வரும். காரைக்குடி பக்கத்தில்தானே? முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் புழங்கிய எனாமல் தூக்குகளைத் தேடுங்கள். விளிம்பில் பூச்சு பெயர்ந்து கறுப்பு தெரியும், அதுதான் அழகு. செவ்வந்தியை நிரப்பி வாசலில் வையுங்கள். உருளி வாங்கினால் கடையிலேயே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், ஒட்டுப் போட்ட இடம் கசியும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். சமைப்பதாக இருந்தால் மட்டும் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். ரசம் போன கண்ணாடி மேடைக்குப் போகட்டும், மணப்பெண் அறைக்கு வேண்டாம். பொட்டு எங்கே போகுமோ!

சம்பந்தி கவலையா? அவர்கள் வீட்டுப் பரணையும் திறக்கச் சொல்லுங்கள். அவர்கள் அப்பத்தா குத்துவிளக்கும் மேடையேறிவிட்டால் குறை சொல்ல யார் மிச்சம்?