மைக்கைப் பிடிக்கப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, அக்டோபர் 2-ம் தேதி கிராம சபையில நீ எழுந்து பேசப் போறேன்னு குப்பத்துக்கே தெரிஞ்சுபோச்சு. உங்கம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்னு சத்தியம் பண்றே. அப்புறம் தண்டோரா எதுக்குடா? காலையில அவ குழாயடிக்குப் போனா. பத்து மணிக்கு ஏலத்துல சங்கராவுக்கு விலை கூவிக்கினு இருந்தவன் கூவுறதை நிறுத்திட்டு, "பெருசு, உன் பேரன் கலெக்டரை நிக்க வெச்சுக் கேக்கப் போறானாமே"ங்கறான். கலெக்டரு எங்க வரப்போறாரு. பிடிஓ ஆபீஸ்லருந்து பற்றாளர்னு ஒருத்தர் வருவாரு. காந்தி ஜெயந்தி லீவை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கிற மனுஷன். அவரைப் பார்த்து நீ கண்ணைச் சிவக்க வெச்சா, அவரு வாட்சைத்தான் பார்ப்பாரு.

பேசு, வேணாங்கல. படிச்ச புள்ள, சட்டைப் பையில பேனா வெச்சிருக்கே. கருத்துக்கு நம்ம கரையில என்னிக்கும் பஞ்சம் வந்ததில்ல, மீனுக்குத்தான் வந்திருக்கு. போட்டு நிழல்ல வலை பிரிக்கிறவன் நாலு பேர் உக்காந்தா ரஷ்யா உக்ரைன் சண்டையைக்கூட பொழுது சாயறதுக்குள்ள தீர்த்து வெச்சுடுவான். தெரு லைட்டு எரியல, ஒரு மனு எழுதிக் குடுடான்னா மட்டும், "எனக்கு இன்னாப்பா, நான் ராத்திரியில கடல்ல இருக்கேன்"ம்பான்.

முதல்ல உனக்கு எடம் தெரியணும். நம்ம கரையில பஞ்சாயத்து ரெண்டு. கங்கையம்மன் கோயில் வாசல்ல உக்கார்றது ஒண்ணு. சாலவக்காரர் தெருத்தெருவா குரல் குடுத்துக்கினு போனார்னா, சோத்துல வெச்ச கையை உதறிட்டு ஆம்பளைங்க வந்து சேரணும், வராதவனுக்குத் தெண்டம். ஊர் வரி கட்டுற ஆம்பளைக்குத்தான் அங்க வாய். கூடை தூக்கி, வட்டிக்கு வாங்கி, டீசலுக்குக் காசு குடுத்த பொம்பளைங்க மதிலுக்கு அந்தாண்ட நின்னு கேட்டுக்கலாம். அவங்க கருத்து வீட்டுக்கு வந்தப்புறம் நமக்குக் கிடைக்கும், ராத்திரி சோத்தோட சேர்த்து.

இன்னொண்ணு கவர்மெண்டு பஞ்சாயத்து. அது மேலூர்ல, தார் ரோட்டுக்கு மேற்கே. வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா போதும், யாரா இருந்தாலும் எழுந்து நிக்கலாம். 1994-ம் வருஷத்துச் சட்டம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ன்னு வருஷத்துக்கு ஆறு தடவை கூட்டறாங்க. அதுல மே 1 ஒண்ணுதான் நமக்கு ஒத்துவரும். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலமாச்சே, விசைப்படகுக்குக் கூலிக்குப் போறவன்லாம் கரையில கொட்டாவி விட்டுக்கினு கெடப்பான். மத்த நாள்ல பதினோரு மணிக்குக் கூட்டம்னா, நம்மாளு அப்பதான் வலையிலருந்து மீன் கழட்டிக்கினு இருப்பான். மேலூர்க்காரன் குளிச்சு, வேட்டி கட்டி, முன் வரிசையில உக்காந்துடுவான். குப்பத்துல குழாத்தண்ணி உப்புக்கரிக்குதுன்னு அவனா வந்து சொல்லுவான்?

தலைக்கணக்குன்னு ஒண்ணு வேற இருக்கு. ஊராட்சியில ஜனம் 3,001-லருந்து 10,000 வரைக்கும் இருந்தா, 200 பேர் வந்தாத்தான் கூட்டம் செல்லும். வராட்டி? வந்த மாதிரி ஆயிடும். நோட்டு ஒண்ணு வீடு வீடா நடந்து வரும். கூட்டத்துக்கு வராதவனைத் தேடிக் கூட்டமே வருது பாரு, இந்த மரியாதை வேற எந்த நாட்ல கிடைக்கும்?

சரி, பேசுறதுக்கு வழி சொல்றேன் கேளு. எடுத்ததும் விஷயத்துக்கு வந்துடாதே, மரியாதை தெரியாதவன்னுடுவாங்க. தலைவர், துணைத்தலைவர், வார்டு உறுப்பினருங்க, பற்றாளர், ஷாமியானா போட்டவர் வரைக்கும் பேர் சொல்லி வணக்கம் வை. நெய்தல் நிலம்னு ஆரம்பிச்சு சுனாமிக்கு வந்து கொஞ்சம் குரல் தழுதழுக்கணும். அதுக்கப்புறம் குடிதண்ணி, ஏலக்கூடத்து ஓட்டை, பஸ்ஸு, டாஸ்மாக்கு, தெரு நாய், ரேஷன் பருப்பு, எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிடு. கை தட்டுவாங்க. நோட்டு எழுதுற கிளார்க்கும் பேனாவை மூடி வெச்சுட்டு சேர்ந்து தட்டுவாரு. 'பொதுமக்கள் பல்வேறு கோரிக்கைகளை எடுத்துரைத்தனர்'னு ஒரே வரியில உன் அரை மணி நேரம் அடங்கிடும்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் கேட்டுடாதே. 'ஏலக்கூடத்துக்குப் போற வழியில மூணாவது கம்பத்துல லைட்டு இல்ல, எத்தனாம் தேதிக்குள்ள போடுவீங்க, அதைத் தீர்மானமா எழுதி இங்கியே படிச்சுக் காட்டுங்க'ன்னு கேட்டேன்னு வை, கூட்டம் சப்புன்னு ஆயிடும். கை தட்ட ஒருத்தன் இருக்க மாட்டான். லைட்டு மட்டும் வந்து தொலைக்கும். அப்படி வந்து உனக்கு இன்னா பேரு?

கடலரிப்பைப் பத்தியும் பேசப் போறியாமே. கடலுக்குள்ள கல்லை நீட்டித் தூண்டில் வளைவு போடணும்னு கேப்பே. எல்லாரும் கேக்கறதுதான். இந்த ஒண்ணுல மட்டும் கெழவன் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கோ. கரையோரத்து மணல் ஒரே எடத்துல நிக்கிறதில்ல. தெண்டி தண்ணி ஓடுற மாசத்துல தெக்கேருந்து வடக்கே போகும். வாடைக் காத்து பிடிச்சு வன்னி தண்ணி வந்ததும் கொஞ்சம் தெக்கே திரும்பும். வருஷக் கணக்கு பார்த்தா வடக்கே போறதுதான் அதிகம். நடுவுல எவனாவது கல்லைப் போட்டா, கல்லுக்குத் தெக்கே மணல் சேரும், வடக்கே இருக்கிற ஊர் கரையும். மெட்ராஸ்ல ஹார்பர் கட்டுனப்புறம்தான் மெரினா அந்த அகலம் ஆச்சு. ஹார்பருக்கு வடக்கே ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் கரையை அலை தின்னுச்சு, கருங்கல்லைக் கொட்டிக் காவல் வெச்சிருக்காங்க. அதையெல்லாம் பார்த்தும் 1980-கள் கடைசியில அரியாங்குப்பம் ஆத்து வாயில பாண்டிச்சேரிக்காரங்க கடலுக்குள்ள ரெண்டு கல்சுவரை நீட்டுனாங்க. டவுன்ல மணல் போச்சு. காந்தி சிலைக்கு எதிர்ல கல்லு மேல உக்காந்து போட்டோ எடுத்துக்கினு வர்றியே, அங்க மணல்ல காலாற நடந்தவங்க இன்னும் உசுரோட இருக்காங்க. டவுனைக் காப்பாத்தக் கல்லை அடுக்கினதும், அரிப்பு எல்லையைத் தாண்டி நம்ம ஜில்லாவுக்கு வந்துச்சு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம்னு கரை கரைஞ்சுது, வீடு விழுந்துச்சு. விழுந்த ஊர்க்காரன்லாம் தூண்டில் வளைவு கேட்டான். தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது, வீடு இடிஞ்சவன் வேற இன்னாத்தைக் கேப்பான்? ஆனா பந்தியில முதல் இலைக்காரன் பாயச வாளியையே இழுத்து வெச்சுக்கினா, கடைசி இலைக்காரன் அப்பளத்தை நொறுக்கிக்கினு எழுந்திருக்க வேண்டியதுதான். தெக்கே ஒருத்தன் கருத்து சொன்னான், வடக்கே ஒருத்தன் வீடு போச்சு.

அதனால நீ பேசறப்ப வடக்கத்திக் குப்பத்துக்காரன் எவனாவது கூட்டத்துல இருக்கானான்னு பார்த்துக்கோ. அவன் ஊராட்சி வேற, இருக்க மாட்டான். தைரியமாக் கேளு. அந்த ஊர்லருந்துதான் உனக்குப் பொண்ணு கொண்டாரணும்னு உங்கம்மா கண்ணு வெச்சிருக்கா, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. மாமனார் வீட்டுக் கொல்லை கடலுக்குள்ள போயிட்டா சீரு எங்கருந்துடா வரும்?

சுருக்குமடி வலை விஷயத்துல வாயே திறக்காதே. 2000-த்துல தடை போட்டாங்க. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு 12 கடல் மைலுக்கு அந்தாண்ட, திங்களும் வியாழனும் மட்டும், காலை எட்டுலருந்து சாயங்காலம் ஆறுக்குள்ளன்னு இடைக்கால உத்தரவு குடுத்துச்சு. மீனுக்குக் கிழமை தெரியுமாங்கறதை யாரும் அதுங்கிட்ட கேக்கல. உன் சித்தப்பன் மடியில பங்கு வெச்சிருக்கான். உன் மாமன் சின்ன வலைக்காரன், மடி வந்தா குஞ்சுகூட மிஞ்சாதுன்னு கோயில்ல சூடம் அடிச்சவன். நீ எந்தப் பக்கம் பேசினாலும் தீபாவளிக்கு ஒரு வீட்டுப் பலகாரம் கட்.

இதையெல்லாம் விடப் பெரிய கூட்டம் ஒண்ணு உண்டு, கருத்துக் கேட்பு. கரையில எவனாவது துறைமுகம், கிறைமுகம்னு பெரிசா கட்டணும்னா 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி நம்மளைக் கேக்கணும். 30 நாளைக்கு முன்னாடி பேப்பர்ல போடணும், தமிழ்ல சுருக்கம் குடுக்கணும், வந்தவனைப் பேச விடணும், வீடியோ எடுக்கணும். இதுக்குத் தலைக்கணக்கு கிடையாது. நாம ஒருத்தரும் போகாட்டியும் நம்மளைக் கேட்டதாவே அர்த்தம். அதுல கடைசியா ஒரு வரி வரும், அதுதான் கறி. யார் யார் என்ன சொன்னாங்கன்னு எழுதினதை அங்கியே நம்ம பாஷையில படிச்சுக் காட்டணும். தெக்கே ஒரு ஊர்க்காரனுங்க அப்படி ஒரு கூட்டத்துக்கு லாரி கட்டிக்கினு போனானுங்க. மைக்கைப் பிடுங்கினானுங்க, நாற்காலி பறந்துச்சு, டிவிக்காரன் எடுத்தான். பிரியாணிப் பொட்டலம் வந்துச்சு. படிச்சுக் காட்டுற நேரத்துல மண்டபத்துல மிச்சம் இருந்தது ஷாமியானாக்காரனும் ரெண்டு நாயும். 'வேலைவாய்ப்பு குறித்து ஆர்வத்துடன் கேட்டறிந்தனர்'னு எழுதியிருந்துச்சாம். பொய்யுன்னும் சொல்ல முடியாது. நாற்காலியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் தன் மச்சானுக்கு வேலை கேட்டிருக்கான்.

ரோட்டோரத்துல பங்களா கட்டிக்கினு வந்தவங்களுக்கும் இப்ப கருத்து உண்டு. ஞாயித்துக்கிழமை கையில உறை மாட்டிக்கினு கரையில பிளாஸ்டிக் பொறுக்குவாங்க, நல்ல மனுஷங்கதான். கருவாட்டு நாத்தம் தாங்கல, களத்தை வேற எடத்துக்கு மாத்துங்கன்னு மனு குடுத்திருக்காங்க. கடல் வேணும், கடல் காத்து வேணும், காத்துல மீன் மட்டும் வரக்கூடாது. உங்க ஆயா அந்தப் பங்களா அம்மாவுக்கு வஞ்சிரம் விக்கறப்ப கிலோவுக்கு அம்பது ரூபா நாத்த வரி சேர்த்து வாங்கறா. அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது.

உங்க ஆயா சமாச்சாரம் வேற. கடற்கரை வரைபடம்னு ஒண்ணைக் கொண்டாந்து ஒரு தடவை கல்யாண மண்டபத்துல மாட்டினாங்க. மீனவர் குடியிருப்பு, ஐஸ் பிளாண்ட்டு, மீன் காயவைக்கிற களம் எல்லாத்தையும் படத்துல காட்டணும்னு 2011 அறிவிக்கையிலயே இருக்கு. ஆம்பளைங்கல்லாம் மைக்குக்கு வரிசை கட்டினாங்க. இவ கூடையை வாசல்ல எறக்கிட்டு நேரா படத்துக்கிட்ட போயி மூக்கை ஒட்டிக்கினு தேடறா. செதில் காஞ்ச விரலை ஒரு மஞ்சத் திட்டு மேல வெச்சு, "இது இன்னா சார்?"னா. "காலி மணல்மா"ன்னாரு அந்த ஆபீசர். "என் நெத்திலி இங்கதான் சார் காயுது. வேப்ப மரத்துலருந்து போட்டு நிக்கிற எடம் வரைக்கும் பழைய வலையை விரிச்சிருப்போம், காக்கா ஓட்டக் கறுப்புத் துணி கட்டியிருப்போம். அதைக் காணோமே?" அவரு பென்சில்ல ஒரு வட்டம் போட்டாரு. "பேனாவுல போடுங்க சார்"னா. போட்டாரு. "உள்ள பேர் எழுதுங்க, கருவாட்டுக் களம்னு." எழுதினாரு. அதைப் போன்ல படம் பிடிச்சுக்கினு, மனு எழுத உன்னைத்தான் தேடினா. நீ அப்ப ஏதோ பரீட்சைக்குப் படிச்சுக்கினு இருந்தே. எதிர்வீட்டுப் பொண்ணுதான் எழுதிக் குடுத்துச்சு. மனு குடுத்ததுக்கு ரசீது வாங்கி அரிசிப் பானையில போட்டு வெச்சிருக்கா.

நீ ஒரு வேலை பண்ணு. பேச்சு முடிஞ்சதும் கைதட்டலை வாங்கிக்கினு டீக்கடைக்கு ஓடாம, தீர்மான நோட்டு பக்கத்துல போயி நில்லு. எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவுல வெள்ளையா எடம் விட்டிருந்தா, குறுக்கே ஒரு கோடு அடிச்சுட்டு அப்புறம் கையெழுத்தைப் போடு. "தம்பி ரொம்ப வெவரம்"னு கிளார்க்கு முறைப்பாரு, சிரிச்சுக்கோ. ஆயாவையும் கூட்டிக்கினு போ, ஆட்டோ காசு நான் தர்றேன்.

நான் வரமாட்டேன். கூட்டம் முடிஞ்ச மறுநாளு நோட்டு எப்படியும் நம்ம வாசலுக்கு வரும், "பெருசு, இங்க ஒரு கையெழுத்து"ன்னு. கண்ணு தெரியல, நீயே படிப்பான்னு கிளார்க்கைத் திண்ணையில உக்கார வெச்சுடுவேன். மொதப் பக்கத்துலருந்து சத்தமாப் படிக்கணும். வெத்தலை போட்டுக்கினே கேப்பேன், நடுநடுவுல காது வேற கேக்காது. போன தடவை நாலாம் பக்கம் வர்றதுக்குள்ள அவருக்கு வேற வேலை ஞாபகம் வந்துடுச்சு. கண்ணாடி என் மடியிலதான் இருக்கு, அதை நீ போய் உளறி வெக்காதே.