ஐந்தாம் வகுப்பு லீடர்

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் வகுப்பு கிடையாது. ஆகவே பிரம்மதேசம், மரக்காணம் பக்கத்து ஊர்களில் ஐந்தாம் வகுப்பு லீடராக இருப்பவன், தலைமையாசிரியருக்கு அடுத்த பதவி தன்னுடையது என்றே நம்புகிறான்.

இப்பதவிக்குத் தேர்தல் இல்லை, நியமனம்தான். படிப்பு கட்டாயத் தகுதி அல்ல. குரல் தெருக்கோடிவரை கேட்க வேண்டும். காலையில் கரும்பலகை ஓரத்தில் 'பதிவு 27, வருகை 25' என்று எழுதுவது முதல் கடமை. சத்துணவு முட்டைக் கணக்கே தன் கையெழுத்தில்தான் ஓடுகிறது என்ற நினைப்பு அவனுக்கு. அதனாலோ என்னவோ, கழித்தலில் மட்டும் பிசகுவதில்லை.

டீச்சர் வெளியே போனதும் உண்மையான ஆட்சி தொடங்குகிறது. 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, முறைத்தால் இன்னொன்று. ஒரு குறி அழிய எத்தனை கொடுக்காப்புளிச் சுளை என்பதற்கு நிலையான விகிதம் உண்டு. அழிப்பது எச்சில் தொட்ட விரலால். (பெண் லீடர்களிடம் இந்தப் பேரம் செல்லாது; அவர்கள் சுளையையும் வாங்கிக்கொண்டு டீச்சரிடமும் சொல்லிவிடுவார்கள்.) "அமைதி!" என்று வகுப்பிலேயே பெரிதாகக் கத்துபவன் லீடர்தான், அவன் பெயர் பட்டியலில் ஏறுவதில்லை.

2022-23இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அடுத்த ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. அதில் பிள்ளைகளின் நிலை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிகிறது. கணக்கில் அரும்பாக இருக்கும் லீடர், மலர்களைப் பார்த்து "கையைக் கட்டு!" என்று அதட்டும் காட்சி திட்ட வரைவில் இல்லாதது.

அறிவியலில் ஆவியாதல் பாடம் வந்தால் இந்த மரக்காணம் கடற்கரையில் ஈரத்துணி உதாரணம் தேவைப்படாது. பாத்தியில் உப்புத்தண்ணீர் எப்படிச் சுண்டும், வார வேண்டிய நேரத்தில் மழை பிடித்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். வகுப்பே "உப்பளம்!" என்று ஒரே குரலில் சொல்லும். லீடர் மட்டும் கை தூக்கி நிற்பான்.

"என்னடா?"

"டீச்சர், எல்லாரும் கை தூக்காம பேசறாங்க டீச்சர்!"

ஏப்ரலோடு பதவிக்காலம் முடிகிறது. மாற்றுச் சான்றிதழில் லீடர் என்று எழுத இடமில்லை. நடத்தை என்ற கட்டத்தில் பட்டியலில் இருந்தவர்களுக்கும் 'நன்று', அவனுக்கும் 'நன்று'தான்.