ரெண்டரை வயசுப் பட்டதாரி

உக்காரு புள்ள, மொதல்ல பசியாறு. பையனைப் புள்ள பார்க்கிற அக்காகிட்ட விடுறதா, பாலர் பள்ளியிலே போடுறதான்னு என்கிட்ட யோசனை கேக்க வந்திருக்கே. ரொம்ப சந்தோசம். பாலர் பள்ளிக்கு முன்பணம் கட்டின ரசீது கைப்பையிலேருந்து எட்டிப் பார்க்குது பாரு, அதை உள்ளே தள்ளிட்டுக் கேட்டிருக்கலாம்.

சுவரெல்லாம் படமாம், புள்ளைங்களுக்குக் கழுத்துப் பட்டையாம், மாப்பிள்ளைக்கு ஒரே பெருமை. இருக்காதா? புக்கிட் பெருவாங்கிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கு. இப்பவே போய் வரிசையிலே நின்னாத்தானே இடம் கெடைக்கும்! பாலர் பள்ளியிலேயே வருசக் கடைசியிலே கவுனும் தொப்பியும் மாட்டிப் பட்டம் வேற குடுக்குறாங்க. ஒண்ணுக்கு வந்தா சொல்லத் தெரியாத பயலுக்குத் தொப்பி தலையிலே நிக்குமான்னுதான் எனக்குக் கவலை.

நாங்க பொறந்த தோட்டத்திலே இந்தக் குழப்பமே கெடையாது. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு, அதான் ஆள் கணக்கெடுப்பு. எங்கம்மா இருட்டோட என்னை ஆயாக்கொட்டகையிலே போட்டுட்டு மரம் சீவப் போயிடும். ஆயான்னா யாரு? வெட்டுக்குப் போக முடியாம ஓய்ஞ்சு போன கெழவி. விட்டத்திலே வரிசையாச் சேலைத் தொட்டில். ஒண்ணைக் கையாலே ஆட்டும், ஒண்ணைக் காலாலே ஆட்டும். மூணாவது தானா கத்தித் தானா தூங்கணும். அந்த மூணாவது நான்தான். அதான் இன்னைக்கும் நான் வாயைத் தொறந்தா ஊரு அடங்குது. அந்தக் காலம்தான் பொற்காலம்னு மட்டும் நான் அளக்க மாட்டேன்.

அப்புறம் 1984-லே புள்ள பராமரிப்புக்குன்னே 308-ஆம் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. நாலு வயசு ஆகாத புள்ளைக்குத் தாஸ்கா, அதான் புள்ளைக் காப்பகம். நாலுலேருந்து ஆறு வரைக்கும்தான் பாலர் பள்ளி, அது கல்விச் சட்டத்திலே வரும். கழுத்துப் பட்டை கட்டினாலும் கோட்டு மாட்டினாலும் ஒம் மவன் இருக்கப் போற எடம் தாஸ்காதான். அங்கே ஒரு வயசுக்குள்ள மூணு புள்ளைக்கு ஒரு ஆளு, மூணு வயசு வரைக்கும் அஞ்சு புள்ளைக்கு ஒரு ஆளு, அதுக்கு மேலே பத்துக்கு ஒரு ஆளு. எண்ணிப் பார்த்தியா? சந்தையிலே கானாங்கெளுத்திக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்காம காசை எடுக்க மாட்டே. புள்ளைய மட்டும் சுவத்துச் சாயத்தைப் பார்த்து விட்டுட்டு வர்றே.

அக்காவும் லேசுப்பட்டவ இல்ல. பல வீட்டுப் புள்ளைங்க நாலு பேரைக் கூலிக்குப் பார்த்தாலே பதிஞ்சாகணும். பதிஞ்சாலும் வீட்டிலே பத்துக்குக் கீழேதான் வச்சிருக்கலாம். வாசல்லே சின்னச் செருப்பு எத்தனை ஜோடின்னு பாரு. பதியாத எடம்னா 3,000 வெள்ளி வரைக்கும் உள்ள வருமானவரிக் கழிவு போச்சு. மாப்பிள்ளைக்கு அங்கேதான் வலிக்கும். அக்காவுக்குக் காய்ச்சல்னா அன்னைக்குக் கடையடைப்பு. அதுக்காகப் பள்ளிக்கூடத்தை நம்பிடாதே, கை கால் வாய்ப்புண்ணு வந்தா அவங்களும் புள்ளையத் திருப்பி அனுப்பிடுவாங்க.

அதை விடு. ஒனக்கு பத்து பெரண்டாம் பேக்டரியிலே ஏழுக்கு ஏழு ஷிப்டு. நீ பணம் கட்டின எடம் மத்தியானத்தோட கதவைச் சாத்திடும். அதுக்கப்புறம் பட்டதாரி எங்கே இருப்பாரு? ரோட்டோரத்திலேயா? புருசனும் பொண்டாட்டியும் சுவத்துப் படத்தைப் பத்தி அவ்வளவு நேரம் பேசினீங்களே, இதைப் பேசினீங்களா?

நாலு வயசு வரைக்கும் அக்காகிட்டயே விடு. ஆனா வாயாடி அக்காவாப் பாரு. பேசிப் பேசிச் சோறு ஊட்டுறவகிட்ட புள்ளைக்குத் தமிழு தானா வரும். டிவியை முடுக்கி விட்டுட்டுத் தானும் சேர்ந்து பார்க்கிறவ வேணாம். சொல்லாம கொள்ளாம ஒரு நா காலையிலே பத்து மணிக்குப் போய் நில்லு, எல்லாம் தெரிஞ்சுடும். நாலு ஆனதும் காலையிலே பள்ளி, மத்தியானம் அதே அக்கா. ரெண்டு பக்கமும் காசு குடுக்கத்தான் போறே, அழுவாதே.

என்ன, என்னையே பார்க்கிறே? ஓ, சுத்தி வளைச்சு இதுக்குத்தான் வந்தியா! சட்டப்படி நான் சரியான ஆளுதான், ஒரு புள்ளைக்கு ஒரு கெழவன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மட்டும் கண்ணு சொருகிடும், அப்போ என்னை அவன்தான் பார்த்துக்கணும். சம்பளம் வேணாம். மாப்பிள்ளை ஆட்டுக்கறி எடுத்தா எலும்பில்லாம ரெண்டு கரண்டி. நல்லா வேக வச்சுக் குடு, எனக்கும் பல்லு அவன் அளவுக்குத்தான் இருக்கு.