படியேறும் பாக்கியம்

அறுபது வயது நிரம்பிய சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பேருந்து டோக்கன்களை 2016இல் வழங்கத் தொடங்கிய அரசு, அவற்றைப் பெற முதியவர் ஆவணங்களுடன் நேரில் வரவேண்டுமென விதித்த தீர்க்கதரிசனத்தை யாரே மெச்சாதிருப்பர்? தாம்பரத்து நெரிசலில் முழங்காலளவு உயர்ந்த முதற்படியைத் தாவிப் பற்றி வந்து சேர்கிறவரின் தேகபலம் அக்கணமே நிரூபணமாகிவிடுவதால், வைத்தியச் சான்றிதழும் அநாவசியமாகிறது. குளிர்சாதனப் பேருந்தில் அந்த டோக்கன் செல்லாது. வியர்வை முதுமைக்கு ஆரோக்கியமன்றோ!

படியேற இயலாதோருக்கான நீதிமன்ற வழக்குகளின் பின் 2024இல், சரிவுப் பலகையோடு நடைபாதைப் பக்கம் சாய்ந்து தாழும் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. நடைபாதையை மோட்டார் சைக்கிள்கள் ஆக்கிரமித்திருக்க, சக்கர நாற்காலியிலிருப்பவர் சாலையோரம் தத்தளித்திருக்க, வண்டி பரமவிநயத்தோடு மோட்டார் சைக்கிள்களை நமஸ்கரித்துவிட்டுப் புறப்படுகிறது.