முறுக்கினால் வண்டி பறக்கும். விலை நின்ற இடத்திலேயே பறக்கும்!

இந்த வாரக் கேள்வி-பதில்: ஃபோர் ஸ்ட்ரோக் வேக வண்டிகள்

காஷ்மீர் சுற்றுலா போனபோது குல்மார்க்கில் பனியில் ஓடும் ஸ்கூட்டரில் ஏறினேன். வாடகையைக் கேட்டதும் குளிரே விட்டுப்போனது. அந்த வண்டியைச் சொந்தமாக வாங்கினால் என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டிவனம்

திண்டிவனத்தில் நிறுத்த இடம் கிடைக்கும். ஓட்டத்தான் மார்கழிப் பனி போதாது.

முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, அடியில் ரப்பர் பட்டை, நடுவில் எஞ்சின். வண்டி அவ்வளவுதான். கனடாவின் கியூபெக் மாகாணத்துக்காரரான பொம்பார்டியே 1959-ல் 'ஸ்கி-டூ' என்ற பெயரில் சின்ன வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் அது குடும்பங்களின் விளையாட்டுப் பொருளானது. இன்று டர்போ வைத்த உயர்ரக ஃபோர் ஸ்ட்ரோக் பனிவண்டி அமெரிக்காவில் சுமார் 20,000 டாலர். நம் கணக்கில் பதினேழு லட்சத்துக்கு மேல். அதையும் வருஷத்தில் பனி இருக்கும் சில மாதங்கள்தான் ஓட்டலாம். மீதி மாதங்களில் தவணைதான் ஓடும். வாடகையே பரவாயில்லை சார்.

முண்டியம்பாக்கத்திலிருந்து வந்து கனடாவில் குடியேறியவன் நான். இங்கே யமஹா பனிவண்டித் தொழிலையே விட்டுவிட்டதாமே? அவ்வளவு பெரிய கம்பெனிக்கே கட்டுப்படியாகவில்லையா?
– வாசகர், டொரன்டோ

ஆகவில்லை. வேகமான பனிவண்டி என்றால் டூ ஸ்ட்ரோக்தான் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், தன் ஆர்1 பைக்கின் எஞ்சினைத் தழுவிய 998 சிசி நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கை 2003-ன் ஆர்எக்ஸ்-1 வண்டியில் வைத்து ஊரை வாய்பிளக்க வைத்தது யமஹாதான். அதே யமஹா 2023 ஜூனில் கைகழுவியது. ஜப்பானில் 2022, ஐரோப்பாவில் 2024, வட அமெரிக்காவில் 2025 மாடலோடு சரி.

கோளாறு எஞ்சினில் இல்லை, தலைக்கணக்கில். ஒரு எஞ்சினை வடிவமைக்க, சோதிக்க, புகைச் சட்டத்துக்குப் பொருத்த ஆகும் செலவு, பத்தாயிரம் வண்டி விற்றாலும் பத்து லட்சம் விற்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை எத்தனை பேர் தலையில் பங்கு போடுகிறோம் என்பதில்தான் விலை இருக்கிறது. 1971 வாக்கில் வட அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி விற்ற பனிவண்டி, இப்போது உலகம் முழுக்கச் சேர்த்தே ஒரு லட்சத்தை ஒட்டித்தான். நம் சென்னை ராயல் என்ஃபீல்டு ஒரு கம்பெனி மட்டும் 2024-25 நிதியாண்டில் பத்து லட்சம் வண்டிக்கு மேல் விற்றது. பங்குக்கு ஆள் இருக்கிறது, பிழைக்கிறது.

உங்கள் ஆறுதலுக்கு: ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் யமஹாவின் பைக் தொழிற்சாலை 2015 முதல் நடக்கிறது. பனியில் விட்ட கடையை வெயிலில் விடவில்லை.

பங்குக்கு இவ்வளவு ஆள் இருந்தும் நம்ம ஊரில் பெரிய பைக் விலை ஏறுகிறதே, ஏன்?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

கம்பெனிக்கு நீங்கள் பத்து லட்சம் பேர். அரசாங்கத்துக்கு நீங்கள் 350 சிசிக்கு மேலா, கீழா என்பதுதான் கேள்வி.

2025 செப்டம்பர் 3-ல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்து, 22-ம் தேதி அமலுக்கு வந்த கணக்கு இது: 350 சிசி வரை 28 சதவீதமாக இருந்த வரி 18 ஆனது. அதற்கு மேல், செஸ் உட்பட 31 ஆக இருந்தது 40 ஆனது. வரியில்லாமல் இரண்டரை லட்சம் அடக்கமாகும் பெரிய பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வரியில் 3,27,500. புது வரியில் 3,50,000. எஞ்சினில் ஒரு திருகாணிகூடக் கூடாமல் 22,500 ரூபாய் கூடிவிட்டது. தமிழக அரசின் வாழ்நாள் வரி தனி. லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு அது 12 சதவீதம்.

2018 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வந்தபோது ஷோரூம் விலை இரண்டரை லட்சம். 47 குதிரைச் சக்தி இரட்டை சிலிண்டர் அந்த விலைக்கா என்று வெளிநாட்டுக்காரனே மூக்கில் விரல் வைத்தான். இன்று அது 3.30 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. இப்போது நாம் வைக்கிறோம்.

எங்கள் வீட்டு புல்லட் 350 என்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் 349 சிசி என்று இருக்கிறது. ஒரு சிசி எங்கே போனது?
– மளிகைக் கடைக்காரர், மயிலம்

உங்கள் பாக்கெட்டுக்குத்தான் வந்திருக்கிறது. 350 என்ற கோட்டைத் தாண்டியிருந்தால் 18-க்குப் பதில் 40 சதவீதம் கட்டியிருப்பீர்கள். புது வரி வந்ததும் ராயல் என்ஃபீல்டு தன் 350 வண்டிகளின் விலையை 22,000 ரூபாய் வரை குறைத்தது.

மகன் 650 சிசி வண்டி வாங்கித் தரச் சொல்லிச் சாப்பிடாமல் இருக்கிறான். கிளாசிக் 350 போதாதா என்றால் 'பவர் பத்தாதும்மா' என்கிறான். என்ன சொல்லட்டும்?
– ஒரு தாய், விக்கிரவாண்டி

முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு கணக்கைப் பரிமாறுங்கள்.

நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-ல் வகுத்த உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இருபது குதிரைச் சக்தி உள்ள கிளாசிக் அந்த எண்பதை வேர்க்காமல் தொடும். 650-ல் இருப்பது 47 குதிரை. மிச்சம் 27 குதிரையும் லாயத்தில் சும்மா நிற்கும். தீவனம் போடுவது நீங்கள். வரி வித்தியாசம் மேலே சொன்னதுதான். இன்ஷூரன்ஸ் கேளுங்கள்: புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் நிர்ணயித்தபடி, 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதற்கு மேல் 15,117.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பைக்குக்குக் காசு கிடையாது என்பது ஒன்றுதான் இரண்டு வண்டிக்கும் பொது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது வசதிதான். ஆனால் அதை வண்டியோடு வரும் இலவச இணைப்பாக உங்கள் மகன் நினைத்துவிடக் கூடாது.

எனக்கு வேகம்தான் உயிர். எங்கே போய் ஓட்டுவது?
– இளைஞர், பேரணி

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் இருக்கிறது. 1990-லிருந்து நடக்கிறது, நீளம் 3.7 கிலோமீட்டர். அங்கே எதிரே கரும்பு டிராக்டர் வராது. நெடுஞ்சாலையில் வரும்; ஆலை அரவை நடக்கிற மாதங்களில் பின்விளக்கு இல்லாமலும் வரும்.

யமஹா ஆர்எக்ஸ்100 போல ஒரு வண்டி இனி வருமா? அந்தச் சத்தம் கேட்டால் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.
– ஐம்பதைக் கடந்தவர், முண்டியம்பாக்கம்

திரும்பிப் பார்க்கலாம், திரும்பி வராது.

1985 முதல் 1996 வரை விற்ற அந்த வண்டி 98 சிசியில் 11 குதிரைச் சக்தி கொடுத்தது. ஒரு லிட்டர் எஞ்சின் என்று பெருக்கிப் பார்த்தால் 112 குதிரை. அதே கணக்கில் இன்டர்செப்டருக்கு 72-தான். காரணம், டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலில் கொஞ்சம் எரியாமலே சைலன்சர் வழியாகத் தப்பிவிடும். கூடவே எண்ணெயும் எரியும். அந்த வாசனையில்தான் நீங்கள் மயங்கினீர்கள். இறுகிக்கொண்டே வந்த புகைக் கட்டுப்பாடுகள் மயங்கவில்லை.

பனிவண்டியில் மட்டும் கதை வேறு. ஆழமான புதுப்பனியில் எடை குறைந்த வண்டிதான் மூழ்காமல் போகும். அதனால் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேராகப் பீய்ச்சும் நுட்பத்தை வைத்து அங்கே டூ ஸ்ட்ரோக்கைக் காப்பாற்றிவிட்டார்கள். பத்துப் பதினைந்து லட்ச ரூபாய் வண்டி அந்தச் செலவைத் தாங்கும். நூறு சிசி வண்டி தாங்குமா?

எங்கள் ஊரில் எல்லோரும் ஓட்டும் ஒரே ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல்தான். அதைப் பற்றி நாலு வார்த்தை?
– பால்காரர், விக்கிரவாண்டி

நாலு வார்த்தை போதாது. அதன் சக்தியே நாலே கால் குதிரை! 1980-ல் டிவிஎஸ்-50 என்று வந்த குடும்பம். 2015-ல் எக்ஸ்எல் 100 ஆகி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறியது. பால் கேன், மாட்டுத் தீவன மூட்டை, அதற்கு மேல் மாமனார் என்று ஏற்றிக்கொண்டு வயல் வரப்பில் போகிற வண்டி அது. உயர்திறன் என்பது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று யார் சொன்னது? ஒரு குதிரைக்கு இத்தனை கிலோ என்று அளந்தால் உலக சாம்பியன் இந்த எக்ஸ்எல்தான்.

நான் கரும்பு விவசாயி. என் கரும்பு பெட்ரோலில் கலந்து என் வண்டிக்கே வருகிறது என்கிறார்கள். ஆனால் மைலேஜ் குறைந்துவிட்டதே?
– விவசாயி, முண்டியம்பாக்கம்

ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுக்கிறீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்த எத்தனால் கரும்புச் சாறு, ஆலைக் கழிவுப்பாகு, அரிசி, மக்காச்சோளம் எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு. பழைய கலவைக்குத் தயாரான இரு சக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. ஐம்பது கொடுத்த வண்டி நாற்பத்தெட்டு கொடுக்கும். அதற்கு மேல் குறைந்தால் எத்தனாலைத் திட்டாமல் ஏர் ஃபில்டரைத் துடையுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அதாவது அழுத்தம் கூடிய வேக எஞ்சினில் முன்கூட்டியே வெடித்து 'டக்டக்' என்று தட்டாது. அதற்கென்றே வடிவமைத்த எஞ்சினுக்கு அது நல்லது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களைத்தான் அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்பவன் நான். இப்போது வரும் வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. என் காதுக்கு என்ன வேலை?
– மெக்கானிக், விழுப்புரம்

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 வந்தபோது கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர், ஆக்சிஜன் சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் வந்தன. சைலன்சருக்குள் புகையைச் சுத்தமாக்கும் வலையில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று தங்கத்தோடு போட்டிபோடும் உலோகங்கள். அதற்கு முன்பே 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயமாகியிருந்தது. வண்டி விலை ஏறியதற்கு வரி பாதிக் காரணம் என்றால், மீதி இவைதான். இந்த மீதியை நான் திட்டமாட்டேன். நுரையீரலையும் மண்டையையும் காப்பாற்றும் செலவு அது.

உங்களுக்கு யோசனை: ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். எந்த சென்சார் கெட்டது என்று அது சொல்லும். ஏன் கெட்டது என்று சொல்ல உங்கள் காது வேண்டும்.

வெளிநாட்டில் மின்சாரப் பனிவண்டி வந்துவிட்டதாமே? பெட்ரோல் பைக் கதை முடிந்ததா?
– வாசகி, திண்டிவனம்

மாண்ட்ரியலின் டைகா நிறுவனம் மின்சாரப் பனிவண்டி செய்தது. 2024-ல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடுங்குளிரில் பேட்டரி சோர்ந்துவிடும்; காட்டுக்குள் சார்ஜ் போட பிளக் பாயின்ட்டும் கிடையாது.

நம் ஊரில் அந்தச் சிக்கல் இல்லை. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஏதர் ஓசூரிலும், ஓலா கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஸ்கூட்டர் தயாரிக்கின்றன. ராயல் என்ஃபீல்டே 2024-ல் 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்று மின்சார பைக்கைக் காட்டிவிட்டது. டவுனுக்குள் போய்வர மின்சாரம் வென்றுவிடும். லடாக் வரைக்கும் போகிறவர்களை நம்பிப் பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் இன்னும் பல வருஷம் ஓடும்.

650 மேல் ஆசை. புது வண்டிக்கு வசதியில்லை. பழசு வாங்கலாமா?
– அரசு ஊழியர், விழுப்புரம்

தாராளமாக. பெரிய வண்டிக்கான வரியை முதல் சொந்தக்காரர் உங்களுக்காகக் கட்டிவிட்டார். மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்ளுங்கள். ஆர்.சி. பெயர் மாற்றம், கடன் தீர்ந்த சான்று, காப்பீடு, சர்வீஸ் ரசீது இந்த நான்கும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெரிய வண்டிக்கு டயரும் செயினும் விலை கூடியவை என்பதால் அவற்றின் தேய்மானத்தைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

முடிவாக, வேகமான ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு எதிர்காலம் உண்டா இல்லையா?
– பலர், பல ஊர்

உண்டு. ஆனால் இரண்டு வகுப்பாகப் பிரிந்து. 350 சிசிக்குக் கீழே கூட்டம் சேரும், நல்ல எஞ்சின்கள் அங்கேதான் வரும். அதற்கு மேலே ஆள் குறையக் குறைய விலை ஏறும். விலை ஏற ஏற ஆள் குறையும். பனிவண்டியை அந்த வட்டம்தான் சாய்த்தது. நம் பெரிய பைக்கைக் காப்பாற்ற வேண்டுமானால் எஞ்சின் அளவைப் பார்த்து வரி போடுவதை விட்டு, புகையைப் பார்த்து வரி போடச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுதான் நியாயமும்கூட.

அடுத்த வாரத்துக்கான கேள்விகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே போனில் கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்து நேரில் கேட்பவர்களுக்கும்தான்.