கத்தியும் தயிரும்

வாப்பு பேராண்டி, உக்காரு. பெங்களூருல ராத்திரி பஸ் புடிச்சு வந்து, பல்லு வெளக்குறதுக்கு முந்தியே "ஐயா, நானே ஒரு கத்தி செய்யப் போறேன்"ங்குறே. சந்தோசம். சந்தையில நூத்தம்பது ரூபாய்க்கு நல்ல கத்தி கெடக்கு. அதை விட்டுட்டு மூவாயிரம் செலவழிச்சு, தக்காளி தோலுகூட இறங்காத கத்தி ஒண்ணு செய்யணும்னு தோணுது பாரு, நீ நம்ம வம்சந்தான். சந்தேகமே இல்ல.

அதென்ன காகிதத்துல வரைஞ்சு வச்சிருக்கே? காட்டு. ஏம்ப்பு, இது அடுப்படிக்கா, அய்யனார் கையிலே குடுக்குறதுக்கா? பதினாலு அங்குலம்! முதுகுல பல்லு வேற. 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டுச்சுன்னா, அது வீட்டுக்கும் வெள்ளாமைக்கும் ஆனதுதானான்னு சர்க்கார் கேக்கும். "வெண்டைக்கா நறுக்கத்தான் சார்"னு நீ ஏட்டையா முன்னாடி நிக்கிற அழகைப் பாக்க எனக்கும் ஆசைதான். ஆனா ஜாமீனுக்கு நான்ல அலையணும்? நாலு அங்குலம் போதும். பல்லை அழிச்சுரு.

இரும்பு எதுன்னு பாத்தே? வீடு கட்டுன மிச்சக் கம்பியா? அடிக்கலாம். அழகா வரும். ஆனா தோய்ச்சல் ஏறாது. அதுல கரிச்சத்து ஆயிரத்துக்கு ரெண்டு, மூணு பங்குதான். தண்ணி கலந்த பாலுல தயிர் எதிர்பாக்குற மாதிரி. லாரிக்கு அடியில கெடக்குற கமான் பட்டையில அஞ்சாறு பங்கு இருக்கும். நம்ம திருப்பாச்சேத்திக்காரன் அருவா அடிக்கிறது அதுலதான். பழைய அரத்துல பத்துக்கு மேல இருக்கும், ஆனா அது கோவக்காரன், கொஞ்சம் தப்புனாலும் வெடிச்சிரும். உனக்குப் பட்டைதான் தோது. அதுலயும் பல வருசம் லாரி குதிச்ச பட்டையில கண்ணுக்குத் தெரியாத விரிசல் கெடக்கும், பாத்து வாங்கு. சந்தேகமா இருந்தா கிரைண்டர்ல வச்சுப் பாரு. வெறுங்கம்பின்னா பொறி நீட்டமா கோடு போட்டுட்டுப் போயிரும். நல்ல உருக்குன்னா மத்தாப்பு மாதிரி நுனியில பூப்பூவாச் சிதறும்.

உருக்குங்கவும் ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம பக்கத்து உருக்கை வெள்ளைக்காரன் கப்பல்ல கொண்டு போயி, அதுல அப்படி என்னதான் இருக்குன்னு மண்டையை ஒடைச்சுக்கிட்டானாம். கரண்டைப் பத்திப் பெரிய பெரிய சங்கதியெல்லாம் கண்டுபுடிச்ச ஃபாரடே 1819ல அதை ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காருன்னு வாத்தியார் சொன்னாரு. அந்த மனுசனோட அப்பாரும் கொல்லருதானாம். உங்கொப்பன் பேங்குல கிளார்க்கு. அதனால நீ கொஞ்சம் பொறுமையாத்தான் போகணும்.

பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள்ள புதைச்சு ராத்திரி முழுக்க விட்டுரு. காலையில அரத்துக்கு இணங்கி வரும். அப்பவே உருவத்தை முடிச்சிரு, பிடிக்கு ஆணி ஓட்டையும் போட்டுரு. தோய்ச்சல் ஏறுன பெறகு ஓட்டை போடணும்னு நெனைச்சியோ, டிரில் பிட்டு விக்கிற கடைக்காரன் மகளுக்குக் கல்யாணம் நடத்தி வச்சிருவே. வாயை இப்பவே தீட்டிப்புடாத. ஒத்த ரூபாக் காசு கனத்துக்காவது விட்டு வையி. மெல்லிசா இருந்தா சூட்டுல அப்பளமா நெளியும்.

அடுப்புக்கு நாலு செங்கல்லும் ஒரு மூட்டை சிரட்டைக் கரியும் போதும். காத்துக்கு உன் வீட்டுக்காரி தலை காயவைக்கிற மிஷினைக் கொண்டாந்திருக்கே போல, அவளுக்குத் தெரியுமா? சரி, நான் கேக்கல. ஆனா காத்து போற குழாய் வெள்ளைப் பூச்சு போட்ட தண்ணிக் குழாயா இருக்கக் கூடாது. அந்தப் பூச்சு துத்தநாகம். சூட்டுல வெள்ளைப் புகையாக் கெளம்பும், மூச்சுல போனா குளிர்காய்ச்சல் வந்து படுத்துருவே. அப்புறம் பேரனுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு அப்பத்தா வேப்பிலையோட வந்துருவா.

வேலையைச் சாயங்காலம் வச்சுக்க. எங்க ஆசாரி பட்டறையில வெளிச்சமே இருக்காது. கூரையைத் தாழ்த்திப் போட்டு, ஒத்த சன்னலோட இருக்கும். துருத்தி இழுக்குற பயலா இருந்தப்ப, மனுசன் சன்னல் வைக்கக்கூட கஞ்சத்தனம் பண்றாருன்னு நெனைச்சேன். பெறகுதான் புரிஞ்சுச்சு. இரும்போட நெறத்தை இருட்டுலதான் படிக்க முடியும். உச்சி வெயில்ல கறுப்பாத் தெரியுற இரும்பு நெழல்ல சிவப்பா இருக்கும். வெயிலை நம்பி ஊதிக்கிட்டே இருந்தா சூடு தலைக்கு மேல போயிரும்.

எந்த நெறமா? செர்ரிப் பழ நெறம்னு வீடியோவுல சொன்னானா? நீ எங்கப்பு செர்ரி கண்டே? பேக்கரியில கேக்கு மேல ஒட்டியிருக்குறது நம்ம களாக்காய்க்குச் சாயம் போட்டது. அதைப் பாத்துத் தோய்ச்சேன்னா கத்தியும் அப்படித்தான் இருக்கும். பழைய ஸ்பீக்கர்ல இருக்குற காந்தத்தைக் கழட்டி ஒரு கம்பியில தொங்கவிடு. இரும்பு 770 டிகிரியைத் தொட்டதும் காந்தத்தை மறந்துரும், கல்யாணமான பய சேக்காளியை மறக்குற மாதிரி. அந்த நேரத்துக்கு மேல இன்னும் ஒரு சிட்டிகை நெறம் ஏறணும். அவ்வளவுதான். ஆனா மொத மூணு தடவை அப்படிக் காய்ச்சிட்டுத் தோய்க்காத, சும்மா காத்துல ஆற விடு. சூட்டுல பெருத்துப்போன மணி அப்பத்தான் பொடியாகும்.

மணின்னா என்னன்னு முழிக்கிறே. எனக்கும் அப்ப தெரியாது. ஆசாரி சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், நானா ஒரு பட்டையை வெள்ளை வெளேர்னு காய்ச்சி, தண்ணித் தொட்டியில சொருகிட்டேன். "டிண்"ணு ஒரு சத்தம். ரெண்டு எழுத்துதான்; இன்னைக்கும் காதுல கெடக்கு. வைக்கப்படப்புக்குள்ள ஒளிச்சு வச்சேன். மனுசன் வந்ததும் நேரா படப்புல கையை விட்டு எடுத்தாரு, எப்படித்தான் தெரிஞ்சுதோ. திட்டல. ஒடிஞ்ச வாயை என் மூக்குக்கு நேரா நீட்டுனாரு. கல்லுப்பு மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. பெறகு அவரோட பழைய உளி முறிவு ஒண்ணைக் காட்டுனாரு. அது விபூதி மாதிரி நைசா, மினுக்கமே இல்லாம இருந்துச்சு. அதுதான் மணி. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

தோய்ச்சல்ங்குற வார்த்தையை யோசிச்சுப் பாத்தியா? பாலைத் தயிராக்குறதுக்கும் அதே வார்த்தைதான். கொதிக்கிற பாலுல உறை ஊத்துனாலும் கெட்டுச்சு, ஆறிப்போன பாலுல ஊத்துனாலும் கெட்டுச்சு. அப்பத்தா வெரலை விட்டுப் பாத்துட்டு ஊத்துவா. உனக்கு வெரலு வேணுமில்ல, அதான் காந்தம்.

கமான் பட்டைக்குத் தண்ணி ஆகாது, எண்ணெய்தான். அதுவும் 50, 60 டிகிரிக்குச் சுட வச்ச எண்ணெய். சிரிக்காத. குளிந்த எண்ணெய் கெட்டியா இருக்கும், கத்தியைச் சுத்திப் புகை கட்டிக்கிட்டு நிக்கும். சூட்டை மெதுவாத்தான் உறிஞ்சும். வெதுவெதுப்பா இருந்தாத்தான் ஓடும். அடுப்புல இருந்து எண்ணெய்க்கு ஒரே மூச்சுல போகணும், நடுவுல செல்பி கெடையாது. நேரா உள்ள விட்டு, வெட்டுற வாக்குல மட்டும் முன்ன பின்ன அசை. பக்கவாட்டுல கலக்கினா கோணிக்கும். மேல நெருப்புப் புடிக்கும், பயந்து தண்ணியை ஊத்திராத. மூடியைப் போட்டு மூடு, அடங்கும். அதனாலதான் இரும்புச் சட்டி. பிளாஸ்டிக் வாளியைக் கொண்டாந்து வச்சிருக்கே பாரு, அதை மொதல்ல மாட்டுக்குத் தண்ணி காட்ட எடுத்துட்டுப் போ. இரும்படிக்கிற எடத்துல ஈக்கென்ன வேலைன்னு சும்மாவா சொன்னான்? உன் பிரெண்டுகளை எட்டி நிக்கச் சொல்லு.

ஆறுனதும் அரத்தை வச்சு ஒரு இழுப்பு இழு. கண்ணாடியில நகம் போன மாதிரி வழுக்குச்சுன்னா, தோய்ச்சல் ஏறிருச்சு. உடனே கூவிக்கிட்டு ஊரைக் கூட்டாத. அப்ப அதுவும் கண்ணாடிதான். கை தவறித் திண்ணையில விழுந்தா ரெண்டாப் போகும். அன்னைக்கே அதோட கோவத்தை இறக்கணும். கருப்பைத் தேச்சு வெள்ளையாக்கிட்டு, 200 டிகிரியில ரெண்டு மணி நேரம். ஆறவிட்டு மறுபடியும் ரெண்டு மணி நேரம். மேல வைக்கோல் நெறம் படரும், அங்கே நிறுத்து. கத்தரிப்பூ நெறம் வந்துச்சுன்னா தாண்டிட்டே. மயில் கழுத்து நெறம் வந்துச்சுன்னா நீ செஞ்சது கத்தி இல்ல, மறுபடியும் லாரிப் பட்டை.

ரெண்டு மணி நேரம் ஒரே சூட்டுல நிக்கிற அடுப்புக்கு எங்க போறதுன்னு என்னைப் பாக்காத. உன் வீட்டுக்காரி கேக் சுடுற பொட்டி ஒண்ணு வச்சிருக்காள்ல. அதுல வையி. எண்ணெய் வாடை ஒரு மாசம் போகாது. அவகிட்ட கேக்க வேண்டியவன் நீ. நான் அந்நேரம் கம்மாக்கரைப் பக்கம் போயிருப்பேன்.

சரி, எண்ணெய் எம்புட்டு ஊத்தியிருக்கே? நாலு லிட்டரா? நல்ல மணமா இருக்கே. ஏம்ப்பு, இது செக்குல ஆட்டி அதிரசத்துக்குன்னு எடுத்து வச்ச கடலெண்ணெய்ல? கொலுசுச் சத்தம் கேக்குது. சட்டியைத் திண்ணைக்கு அடியில தள்ளு, சீக்கிரம். நாம மழையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.