வாழ்க நீ, நடுநிலைப்பள்ளிக் கணக்கே!

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளைக் கட்டிக் காக்கும் கணக்குப் பாடமே, ஆரோவில் வட்டாரத்தில் உன்னை வாய்விட்டுப் புகழ இதுவரை ஆளில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

உன் அடக்கம் யாருக்கு வரும்! ஆரோவில்லின் திட்டப்படி நகரம் 1.25 கி.மீ. ஆரமுள்ள வட்டம். அதைச் சுற்றிய பசுமை வளையம் 2.5 கி.மீ. ஆரம் வரை போகிறது. ஆரம் இரட்டித்ததும் பரப்பு நான்கு மடங்காகிறது: நகரம் சுமார் 5 சதுர கி.மீ., மொத்தம் 20. அளவைகள் பாடம் செம்மண்ணில் விரிந்து கிடக்க, குயிலாப்பாளையத்துப் பிள்ளைகள் அதன்மேல்தான் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வருகிறார்கள். நீ அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. மீதியில்லாமல் வகுபட வேண்டுமென்று 7 செ.மீ., 14 செ.மீ. ஆரத்தையே தேடிப் பிடித்துத் தருகிறாய். பிள்ளைகள்மேல் எவ்வளவு பரிவு!

மரக்காணத்து உப்பளத்தில் உன் பற்றின்மை இன்னும் நன்றாகத் தெரியும். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அங்கே அடர்த்திமானியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, செறிவை 'டிகிரி' கணக்கில் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரி அளவில் நிற்கும். வெயில் குடிக்கக் குடிக்க நீர் சுண்டி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகும்போது 25ஐத் தொட்டு, உப்பு படியத் தொடங்கும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். நீர் குறையச் செறிவு கூடுகிறது. ஏழாம் வகுப்பின் எதிர்விகிதம் இதுதான். பாத்தியில் உப்பு வாரும் தாய்க்கு இது கைப்பழக்கம். அவள் மகளுக்கோ நீ '5 ஆட்கள் 12 நாட்களில்' என்று தொடங்கி, எதை எதால் பெருக்குவது என்பதை மட்டும் மனப்பாடமாகக் கொடுத்திருக்கிறாய். தாய்க்கும் மகளுக்கும் இடையே பேச்சுக்கு இடம் வைக்காத கண்ணியம்!

எட்டாம் வகுப்பில் உனக்கு 'வாழ்வியல் கணிதம்' என்றே ஓர் இயல் உண்டு. தலைப்புக்கே உன்னைக் கும்பிட வேண்டும். ஊரில் கடன் 'நூற்றுக்கு மூணு வட்டி' என்று மாதக் கணக்கில் புழங்குகிறது. ஆண்டுக்கு அது 36 சதவீதம். நீ ஆண்டுக்கு 8 சதவீதம் என்று தொடங்கி, சூத்திரத்தில் எண்களை இட்டு, விடைக்கு அடியில் இரண்டு கோடு போடவைத்து அனுப்பிவிடுகிறாய். வட்டிக்காரர் மனம் நோகாமல் வாழ்வியல் சொல்ல உன்னால்தான் முடியும்.

உன் சாதனைக்குச் சான்றும் இருக்கிறது. 2021 தேசிய அடைவு ஆய்வில் கணக்குக்கு நாட்டுச் சராசரி, 500க்கு: மூன்றாம் வகுப்பில் 306, ஐந்தில் 284, எட்டில் 255. வகுப்பு ஏற ஏற அறிவுச் செருக்கு தலைக்கேறாமல் பார்த்துக்கொள்கிறாய்.

உன் பெயரைக் கெடுக்கவும் சிலர் உண்டு. ஆரோவில்லைச் சேர்ந்த 'உதவி', 'இசையம்பலம்' பள்ளிகளில் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் கணக்கைக் கையால் செய்து பார்க்கிறார்கள், கணினியில் நிரல் எழுதுகிறார்கள், 'ஏன்' என்றும் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளையிடம் உன் பழைய பெருமை செல்லாது.

மரக்காணம், வானூர்ப் பக்கத்துக் கணக்காசிரியர்களே, மழை ஓய்ந்து பாத்தி வேலை தொடங்கியதும் ஒரு நாள் உங்கள் வகுப்பை உப்பளத்துக்குக் கூட்டிப் போங்கள். அந்த மானியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.